நாடி கிடைக்கலையா? இதயத்தையும் பாருங்கள்!

வலது கை விரல்களால் உங்கள் இடது மணிக்கட்டை மெல்லத் தொட்டுப் பாருங்கள். கட்டை விரலுக்குக் கீழே நாடி துடிக்கிறதா? அதேபோல் வலது மணிக்கட்டையும் பாருங்கள். இரண்டும் ஒரே பலத்தோடு துடித்தால் நல்லது. ஒரு பக்கம் மங்கலாக இருந்தாலோ, கிடைக்கவே இல்லை என்றாலோ, 'எனக்குப் பார்க்கத் தெரியலை' என்று விட்டுவிடாதீர்கள். ஒரு டாக்டரிடம் கையை நீட்டுங்கள்.

சித்த மருத்துவத்தில் ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை என்று நாடி பார்ப்பது மரபு. அந்த நாடியையே மறைத்துவிடும் நோய் ஒன்று இருக்கிறது. அது பெரும்பாலும் 40 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்குத்தான் வருகிறது. அதிலும் இடது கைக்குப் போகும் ரத்தக் குழாயைத்தான் அடிக்கடி பிடிக்கிறது!

அதன் பெயர் டகயாசு நோய். ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ டகயாசு, 21 வயதுப் பெண் ஒருத்தியின் கண்ணில் ரத்தக் குழாய்கள் விநோதமாகப் பின்னிக் கிடந்ததை 1908-ல் வெளியிட்டார். இதே போன்ற நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடி இல்லை என்று வேறு மருத்துவர்களும் சொன்னார்கள். அதனால் 'நாடியற்ற நோய்' என்றும் பெயர் வந்தது.

காவலே களவானால்...

கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி, சொந்த ரத்தக் குழாயையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் சுவர் வீங்கித் தடிக்கிறது. சில இடத்தில் குழாய் சுருங்கும். சில இடத்தில் பை போல விரியும்.

மகாதமனி தொடங்கும் இடத்தில் மூன்று இதழ் கொண்ட வால்வு இருக்கிறது. அந்த இடம் விரிந்துவிட்டால், கதவு நிலை அகன்ற மாதிரிதான். கதவு நன்றாக இருந்தாலும் சாத்தாது இல்லையா? வெளியே தள்ளிய ரத்தத்தில் ஒரு பகுதி இதயத்துக்கே திரும்பி வரும். இதுதான் வால்வு கசிவு. பல வருஷம் தொந்தரவு தெரியாமல் இருந்துவிட்டு, பிறகு மாடி ஏறினால் மூச்சு வாங்கும், படுத்தால் திணறும்.

இளம் வயதில் வால்வு கெட்டது என்றாலே, நம் ஊரில் ருமாட்டிக் காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். அது தொண்டைக் கிருமியால் தொடங்குவது. அதற்கான சிகிச்சை வேறு, இதற்கு வேறு.

சந்தேகம் எப்போது வர வேண்டும்?

விட்டுவிட்டுக் காய்ச்சல், எடைக் குறைவு, காரணம் தெரியாத அசதி. கொடியில் துணி உலர்த்தும்போது கை சோர்ந்து வலிப்பது. தலைசுற்றல், பார்வை மங்கல். சின்ன வயதிலேயே பி.பி. எகிறுவது. நம் நாட்டில் சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் சுருங்கி பி.பி. ஏறுவதை அதிகம் பார்க்கிறோம்.

'இரண்டு கையிலும் பி.பி. பாருங்க டாக்டர்' என்று கேளுங்கள், கூச்சம் வேண்டாம். இரண்டுக்கும் 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேட வேண்டும். இரண்டு கைக் குழாயுமே சுருங்கியிருந்தால், உள்ளே பி.பி. அதிகமாக இருந்தும் கையில் குறைவாகக் காட்டும். அவர்களுக்குக் காலிலும் அளக்க வேண்டும். எக்கோ வால்வைக் காட்டும், சி.டி. அல்லது எம்.ஆர். ஆஞ்சியோகிராம் குழாய்களைக் காட்டும்.

முதலில் நெருப்பை அணைக்கணும்

'வால்வை உடனே மாத்திட்டா சரியாப் போயிடுமா?' என்பது பலரின் கேள்வி. அவசரம் இல்லாதபோது, அழற்சியை அடக்கிய பிறகு ஆபரேஷன் செய்வதே நல்லது. கொதித்துக்கொண்டிருக்கும் சுவரில் போட்ட தையல் சரியாகப் பிடிக்காது. புது வால்வும் விலகிக் கசியலாம். அதனால் இதய டாக்டர், ருமட்டாலஜி டாக்டர் இருவரும் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும்.

அழற்சிக்கு ஸ்டெராய்டு, மெத்தோட்ரெக்ஸேட், அசாத்தியோபிரின் போன்ற மருந்துகள் உண்டு. முகம் உப்புகிறது என்று ஸ்டெராய்டைத் திடீரென நிறுத்தாதீர்கள், உயிருக்கே ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இந்த நோய்க்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. தினமும் விழுங்கினால் விஷமாகிவிடும். அந்தக் கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

உலோக வால்வு வைத்தவர்களுக்கு ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமைக்கான மாத்திரை வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990-ல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வும் இந்த வகைதான். வார்ஃபரின் போன்ற அந்த மாத்திரையின் அளவை ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை பார்த்தே கூட்டிக் குறைப்பார்கள். கீரையை அடியோடு விட வேண்டாம். ஒரு வாரம் கீரையே இல்லை, அடுத்த வாரம் தினம் முருங்கைக் கீரை என்றால்தான் கணக்கு தப்பும். வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள். பல் பிடுங்கப் போனால், வால்வு இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் தேவைப்படும்.

நம் மருந்து விஷயம்

'மூலிகைதானே, என்ன செய்யப்போகுது?' என்று நினைப்பவர்களுக்கு, சித்த மருத்துவனாகவே சொல்கிறேன். மருந்து என்றால் வேலை செய்யும். வேலை செய்வது இடைஞ்சலும் செய்யும். அதிமதுரம் தொண்டைக்கு இதம்தான். ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் பி.பி.யை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். ஸ்டெராய்டோடு சேர்ந்தால் இன்னும் மோசம். சமையலில் பூண்டு, மஞ்சள் பயமில்லை. அவற்றையே மாத்திரையாக விழுங்கினால், வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தக் கசிவு வரலாம். சீந்தில், அமுக்கரா போன்றவை எதிர்ப்பு சக்தியைத் தூண்டக்கூடியவை. தூண்டப்பட்ட எதிர்ப்பு சக்திதானே இங்கே வினையே! சிறுநீரகக் குழாய் சுருங்கியவர்கள் பற்பம், செந்தூரம் பக்கம் தானாகப் போகக் கூடாது.

உணவில் நாம் செய்யக்கூடியது நிறைய. ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்தால் பி.பி. அடங்கும். ஸ்டெராய்டு எலும்பை அரிக்கும் என்பதால் கேழ்வரகு, எள், மோர் சேர்க்கலாம். மெல்ல நடக்கலாம். மூச்சை அடக்கும் பிராணாயாமமும், பாரம் தூக்குவதும் வேண்டாம்.

கல்யாண வயதுப் பெண் என்றால் இன்னொன்று. வார்ஃபரினும் மெத்தோட்ரெக்ஸேட்டும் கருவைப் பாதிக்கும். உண்டான பிறகு ஓடுவதைவிட, முன்னாலேயே டாக்டரிடம் பேசித் திட்டமிடுவது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது.

திடீரென மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கறுப்பு மலம் — இதில் எது வந்தாலும் கஷாயம் வைக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள். மாத்திரைகளின் பெயர், அளவு, ஐ.என்.ஆர்., இரண்டு கை பி.பி., குடிக்கிற கஷாயம் உட்பட எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், எங்களைப் போன்ற வைத்தியரிடம் வந்தாலும், அந்த நோட்டை முதலில் நீட்டுங்கள். கையை அப்புறம் நீட்டலாம்.