கிணற்றடியில் நிற்கிறவள்

அடுப்படி மேஜை: தொடர் – 7

விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் காரைக்கால் கோவில்பத்துத் தெருவில் விழித்திருப்பது இரண்டே பேர். ஒருவர் பால் போடுகிறவர். இன்னொருவர் நான். பார்வதீஸ்வரர் கோயிலில் மணிச் சத்தம் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது. ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்துவிடும். அதற்கப்புறம் குடம், அரிசி, இரண்டு டிபன் பாக்ஸ், பத்தாவது படிக்கும் பையனின் டியூஷன், என்னுடைய பள்ளிக்கூடம். நடுவில் இருக்கிற ஒரு மணி நேரம்தான் என் நாவலுக்கு.

ஒரு மணி நேரம் என்று சொல்வதும் கொஞ்சம் மிகைதான். நேற்று எங்கே விட்டோம் என்று பிடிப்பதற்கே கால்மணி போய்விடும். அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். நிறுத்தும்போது கடைசி வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிடுவேன். காலையில் அதை முடிக்க உட்கார்ந்தால் அடுத்த வாக்கியம் தானாக வந்துவிடும். எழுதுவது தினசரி காலண்டரில் கிழித்த தாளின் முதுகில். ஒரு தாளுக்கு ஒரு காட்சி, அவ்வளவுதான். மிக்ஸிக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் அந்தத் தாளை வைக்கத்தான் இடம் இருக்கிறது; நோட்டுப் புத்தகத்தை விரிக்க முடியாது.

கூட்டங்களுக்குப் போனால் தவறாமல் ஒரு கேள்வி வரும்: “வீட்டையும் பார்த்துக்கிட்டு எழுத உங்களுக்கு எப்படிங்க நேரம் கிடைக்குது?” பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண் எழுத்தாளரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. அவர் வீட்டில் அந்த நேரத்தை யார் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்றும் கேட்பதில்லை.

மாங்கனி ஊரின் கணக்கு

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்துவிட்டால் எங்கள் வீட்டில் மூன்று நாளைக்கு எழுத்து கிடையாது. சொந்தக்காரர்கள் வந்து அடுப்படி வரைக்கும் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். நாலரைக்கு விளக்கைப் போட்டால் யாராவது முகத்தைச் சுளிப்பார்கள். ஊரே மாடியிலிருந்து மாம்பழம் வீச, கீழே நிற்கிற பெண்கள் முந்தானையை விரித்துப் பிடிக்கும் அந்தக் கூட்டத்தில் போன வருஷம் நானும் நின்றேன். அப்போதுதான் காரைக்கால் அம்மையாரான புனிதவதியைப் பற்றி வேறு மாதிரி யோசித்தேன்.

கதை எல்லோருக்கும் தெரியும். கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை அடியாருக்குப் படைத்தாள். கணவன் இன்னொன்றையும் கேட்டபோது இறைவனிடம் வேண்டி வாங்கிக் கொடுத்தாள். அதைக் கண்டு பயந்தவன் கப்பலேறிப் போய், பாண்டி நாட்டில் வேறு மணம் செய்து, பிறந்த மகளுக்கு இவள் பெயரையே வைத்தான். இவள் உடம்பின் அழகை உதறிப் பேயுருவை வேண்டிக்கொண்டாள். அதற்குப் பிறகே அற்புதத் திருவந்தாதியின் 101 வெண்பாக்களும் இரட்டை மணிமாலையின் 20 பாடல்களும் பிறந்ததாகச் சேக்கிழார் சொல்கிறார்.

பக்தியாகப் பார்த்தால் அது அருள். அடுப்படியிலிருந்து பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. குடும்பம் இருந்தவரை அந்த அம்மையின் பாட்டு ஒன்றும் நமக்கு வந்து சேரவில்லை. வீடு, கணவன், உடம்பின் அழகு எல்லாம் போன பிறகுதான் அவருக்கு முழு நேரமும் கிடைத்தது. ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகிவிட்டது. அவ்வளவு விலை கொடுக்காமல் எழுத முடியுமா என்று அந்த ஊர்க்காரியான நான் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

யார் கொடுத்த நேரம்?

வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். அங்கே 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சிறு வயதில் மணமாகி, இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அவருடைய ‘காதலா கடமையா’ நாவல் 1938இல் வெளிவந்தது. முன்னுரை எழுதியவர் உ.வே.சாமிநாதையர். வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத ஒரு பெண்ணின் கையெழுத்துப் பிரதி உ.வே.சா.வின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கும்.

வை.மு.கோதைநாயகி இன்னும் சுவாரஸ்யம். ஐந்து வயது தாண்டியதும் கல்யாணம். கதை மனதில் ஊறிக்கொண்டே இருந்தது, எழுதத்தான் தெரியாது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படி வந்ததுதான் ‘இந்திரமோகனா’ நாடகம். பிறகு 1925இல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்று நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். அந்த எண்ணிக்கையை எல்லோரும் சொல்வார்கள். உட்கார்ந்து எழுதிக் கொடுத்த பட்டம்மாளின் நேரத்தை யார் எண்ணினார்கள்?

துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மா இரவில் கழிவறைக்குள் போய் எழுதினார். எழுதியதைத் துணிகளுக்குள் ஒளித்து வைத்தார். அது வீட்டைத் தாண்டி வெளியே போனது அம்மாவின் கை வழியாக. அம்மா இல்லையென்றால் 2000இல் வந்த முதல் கவிதைத் தொகுப்பும் இல்லை. 2004இல் வந்த நாவலுக்கு அவர் வைத்த பெயர் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. வீடு தூங்குகிற ஜாமத்தில் எழுதியவருக்கு வேறு எந்தப் பெயர் பொருந்தும்?

ஆண்களுக்கும் இடநெருக்கடி உண்டு. 1966இல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்ட அசோகமித்திரன், தியாகராய நகர்ப் பூங்காவில் போய் உட்கார்ந்து எழுதினார். ஆனால் பூங்காவுக்கு எழுந்து போகவாவது ஓர் ஆணால் முடிந்தது. காலை ஆறு மணிக்கு நான் போய்ப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் எங்கள் தெருவுக்கு ஒரு வாரத்துக்குப் பேச விஷயம் கிடைத்துவிடும்.

வேலைக்கு நடுவில் எழுதியவர்களில் எனக்குப் பிடித்தவர் இங்கிலாந்தின் நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப். தபால் இலாகாவில் பெரிய வேலை. தினமும் காலை ஐந்தரைக்கு மேஜையில் இருப்பார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 வார்த்தை எழுதுவார். அவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் அவர் தன்வரலாற்றில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறார். நேரத்துக்கு எழுப்பிக் காபி கொண்டுவருவதற்காக வேலைக்காரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்தார். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்த ஆளுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருப்பதாக எழுதியிருக்கிறார். அந்த மனிதர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்?

மளிகைச் சீட்டு

இப்போது என் கடனைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் முன்பு, நாவலில் ஒரு காட்சி. கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியே வந்த பெண் ஒருத்தி இருட்டில் கிணற்றடியில் நிற்கிறாள். எழுதிக்கொண்டிருந்தபோதே தண்ணீர் வந்துவிட்டது. அப்படியே ஓரத்தில் ‘உளுந்து அரை கிலோ, கடுகு, நல்லெண்ணெய்’ என்று கிறுக்கிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பத்து மணிக்கு அத்தை அந்தத் தாளை மளிகைச் சீட்டு என்று நினைத்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்கள்.

“ஏம்மா, அந்தப் பொண்ணு கெணத்துல குதிச்சுட்டாளா?”

“எந்தப் பொண்ணு, அத்தை?”

“கடைக்காரரு சீட்டைப் படிச்சிட்டு எங்கிட்ட கேக்குறாரு. எனக்கு என்ன தெரியும்? உளுந்தக் கட்டாம அதையே ரெண்டு தடவ படிச்சாரு.”

தாளின் கீழே பென்சிலில் மொத்தத் தொகை கூட்டிப் போட்டிருந்தது. என் எழுத்துக்குப் பக்கத்தில் முதன்முதலாக ஒரு ரூபாய்க் கணக்கு.

“இன்னும் எழுதலை அத்தை. தண்ணி வந்துடுச்சு.”

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஐந்தரைக்குக் குழாய் சீறியபோது எழுதுவதை விட்டு எழுந்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அத்தை எனக்கு முன்னால் குடத்தோடு நின்றார்கள். “நீ அதை முடி. தண்ணியும் பாலும் நான் பாத்துக்குறேன்.”

அன்றிலிருந்து எனக்கு அரைமணி கூடுதல். அது வானத்திலிருந்து விழவில்லை. எழுபது வயது முழங்காலிலிருந்து வருகிறது. ஒவ்வொரு நாளும் காலண்டர் தாளின் மூலையில் ‘அத்தை – அரை’ என்று குறித்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பிடிப்பது வீட்டுக்காரர் முறை என்று இப்போது ஆகியிருக்கிறது. முதல் வாரம் இரண்டு குடத்தோடு நிறுத்திவிட்டார். இப்போது தொட்டியையே நிரப்பிவிடுகிறார்.

நேற்றும் பால் பொங்குகிற சத்தத்துக்கு நடுவில் அத்தை கேட்டார்கள், “குதிச்சாளா?”

“நாளைக்கு எழுதிடுவேன், அத்தை.”

இரண்டு மாதமாக அந்தப் பெண் கிணற்றடியிலேயே நிற்கிறாள். சுற்றியுள்ள கதையெல்லாம் எழுதி முடித்துவிட்டேன். அந்த ஒரு தாள்தான் பாக்கி. எழுதத் தெரியாமல் இல்லை. முடிவு தெரிந்துவிட்டால் அத்தை மறுநாள் ஐந்தரைக்கு எழுந்திருப்பார்களா என்றுதான் யோசனை.

(தொடரும்)