ஆயிரம் பொய்யும் ஒரு கல்யாணமும்

மும்பையில் புழுக்கமான ஓர் இரவு. கீழே குடியிருப்பு வளாகத்தில் கல்யாணக் கொண்டாட்டம். மேலே தன் வீட்டில் ஆடை வடிவமைப்பாளர் கம்லேஷ் நண்பர்களைக் கூட்டிவைத்திருக்கிறான். அவனும் பழைய காதலன் பிரகாஷும் அணைத்தபடி எடுத்துக்கொண்ட படம் ஒன்று அவனிடம் இருக்கிறது. அதைத் தொலைத்துவிட வேண்டும்; மனம் வரவில்லை. அந்தப் பிரகாஷ் இப்போது ‘எட்’ என்ற பெயரில் கம்லேஷின் சகோதரி கிரணைக் கைப்பிடிக்கப் போகிறான். கிரணுக்கு எதுவும் தெரியாது.

மகேஷ் தத்தானி எழுதிய ‘ஆன் எ மகி நைட் இன் மும்பை’ நாடகத்தின் சூழல் இது. 1998இல் லிலெட் துபேயின் இயக்கத்தில் மேடையேறியது. அப்போது தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆவது சட்டப்பிரிவு நடைமுறையில் இருந்தது. தத்தானி விவாதத்தை நீதிமன்றத்தில் வைக்கவில்லை, கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோனார். ‘ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு’ என்று பழகிய நாட்டில் அதுதான் சரியான இடம்.

தனித்துவிடப்பட்ட மித்ரா

இதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே விஜய் தெண்டுல்கர் மராத்தியில் ‘மித்ராச்சி கோஷ்ட’ நாடகத்தைத் தந்துவிட்டார். 1981இல் வினய் ஆப்டே இயக்க, ரோகிணி ஹட்டங்கடி மித்ராவாக நடித்தார். கல்லூரி நாடகத்தில் ஆண் வேடம் போடும் மித்ரா, நாயகியாக நடிக்கும் நமாவிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். அவளுடைய ரகசியத்தைச் சுமக்கும் ஒரே தோழன் பாபு. ஒரு கட்டத்தில் அவனும் விலகிப்போக, மித்ரா உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

அந்தக் காலத்தில் இப்படியொரு பெண்ணை நாயகியாக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும். ஆனால் கதையை நமக்குச் சொல்பவன் பாபு. மித்ராவை அவன் கண்வழியேதான் பார்க்கிறோம். அவளைப் போன்ற இன்னொருத்தி மேடையில் இல்லை. ஆறுதல் சொல்லவோ சண்டை போடவோ யாரும் இல்லை. அவளைக் கொன்றது அவளுடைய காதல் அல்ல, அந்தத் தனிமை.

ஏமாற்றப்படும் பெண்கள்

தத்தானி அந்தத் தனிமையை உடைத்தார். கம்லேஷின் வீட்டில் சரத், தீபாலி, ரஞ்சித் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. கேலி செய்கிறார்கள், கோபப்படுகிறார்கள், ஒருவர் பொய்யை மற்றவர் கிழிக்கிறார்கள். அவர்களில் பன்னி, தொலைக்காட்சித் தொடரில் லட்சியக் குடும்பத் தலைவன். வீட்டில் மனைவியும் உண்டு. ஊருக்குத் தெரியாமல் இரட்டை வாழ்க்கை வாழ்பவன்.

இதே முடிச்சைத் தத்தானி முன்பே ஒருமுறை போட்டிருக்கிறார். 1991இல் வந்த ‘பிரேவ்லி ஃபாட் த குவீன்’ நாடகத்தில், பிரபுல் தன் காதலன் நிதினுக்கே சகோதரி அல்காவைக் கட்டிவைக்கிறான். இருவரையும் ஊர் சந்தேகிக்கவில்லை. பாழானது அல்காவின் வாழ்க்கை. மும்பை நாடகத்தில் கிரணுக்கு உண்மை தாலிக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஏற்கெனவே ஒரு கொடுமையான திருமணத்திலிருந்து மீண்டவள் அவள். ஒளித்துவைத்த காதலுக்கான விலையைப் பெண்தான் கொடுக்கிறாள் என்பதை இரண்டு நாடகங்களும் பொட்டில் அடித்தாற்போல் சொல்கின்றன.

சட்டத்துக்கு அப்பால்

2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் மனமொத்து வைத்துக்கொள்ளும் தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன்பாலினத் திருமணத்துக்கு 2023இல் அதே நீதிமன்றம் அங்கீகாரம் தரவில்லை. ஆகவே, ‘கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று பிள்ளையை மணமேடையில் உட்காரவைக்கும் அழுத்தம் அப்படியே இருக்கிறது.

அந்த அழுத்தத்தைக் கொடுப்பவர்கள் நீதிபதிகள் அல்லர். அப்பாக்கள், அம்மாக்கள், மாமாக்கள். வரன் பார்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் பேசப்பட வேண்டிய நாடகங்கள் இவை. ‘வேண்டாம்’ என்று சொல்ல மகனுக்கு உரிமை உண்டு. யாருக்குக் கழுத்தை நீட்டுகிறோம் என்று அறிய மணப்பெண்ணுக்கும் உரிமை உண்டு. முதலாவதை மறுத்துவிட்டு இரண்டாவதை எந்தக் குடும்பத்தாலும் காப்பாற்ற முடியாது.