நீங்க எழுதுன சாஃப்ட்வேரை இன்னொருத்தர் விற்றால்? சைடு இன்கம் தொடங்கும் முன் இதைப் படிங்க!



என் நண்பர் ஒருத்தர் கோயம்புத்தூரில் ஐடி வேலை பார்க்கிறார். சனி, ஞாயிறு உட்கார்ந்து எட்டு மாசத்தில் சின்னக் கடைகளுக்கு ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதினார். ஒரு லைசென்ஸ் 3,500 ரூபாய். முதல் வருஷம் 42 கடைகள் வாங்கின. மொத்தம் 1,47,000 ரூபாய். சம்பளத்துக்கு மேல வந்த காசு, மனுஷன் சந்தோஷமா இருந்தார்.

அப்புறம் விற்பனை திடீர்னு படுத்துடுச்சு. ஒருநாள் பொள்ளாச்சி பக்கம் ஒரு பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிட்டு பில்லைப் பார்க்கிறார். கீழே "நன்றி! மீன்டும் வருக". அந்த "மீன்டும்" அவர் பண்ணின எழுத்துப்பிழை. ஆனா அந்தக் கடைக்கு அவர் விற்கவே இல்லை! விசாரிச்சா, "ஒருத்தர் ஆயிரம் ரூபாய்க்குப் போட்டுக் கொடுத்தாரு தம்பி"ன்னு பதில். லோகோவும் பேரும்தான் வேற. உள்ளே இருந்தது முழுக்க இவரோட உழைப்பு.

கம்பைல் பண்ணிட்டா பாதுகாப்புன்னு நினைக்கிறீங்களா?

நிறைய பேர் இங்கேதான் ஏமாறுறாங்க. நண்பர் எழுதினது சி ஷார்ப். அதைக் கம்பைல் செய்தால் நேரா மெஷின் மொழிக்குப் போகாது, நடுவில் ஐஎல் என்ற இடைநிலை மொழியில்தான் நிற்கும். கிளாஸ் பெயர், மெத்தட் பெயர் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். ஐஎல்ஸ்பை மாதிரி இலவச டூலில் அந்த ஃபைலைத் திறந்தால், கமெண்ட் தவிர கிட்டத்தட்ட முழு சோர்ஸ் கோடும் படிக்கிற மாதிரி வந்துடும். ஜாவா, ஆண்ட்ராய்டு ஆப்புக்கு ஜாடெக்ஸ் இருக்கு.

சி, சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதினால் திருடுறது கஷ்டம், ஆனா முடியாதுன்னு இல்லை. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2019-ல் கிட்ரா என்ற டூலை இலவசமாகவே வெளியிட்டுச்சு. மெஷின் கோடைக்கூட அது சி மாதிரி மாற்றிக் காட்டும்.

அதனால முதல் பாடம்: யூசர் கம்ப்யூட்டருக்குப் போன எதையும் நூறு சதவீதம் மறைக்க முடியாது. திருடுற செலவை ஏற்றிவிட மட்டும்தான் முடியும். வீட்டுப் பூட்டு மாதிரிதான் இதுவும்.

எவ்வளவு செலவு பண்ணலாம்?

30 கடைகள் காப்பியை வாங்கியிருந்தால் நஷ்டம் 30 x 3,500 = 1,05,000-னு சொல்லத் தோணும். அது தப்புக் கணக்கு. ஆயிரத்துக்கு வாங்கினவர் எல்லாரும் 3,500-க்கு வாங்கியிருக்க மாட்டாங்க. பாதிப் பேர் வாங்கியிருப்பாங்கன்னு வெச்சா 52,500 ரூபாய். அந்த நஷ்டத்தைத் தடுக்க ஒரு லட்சம் ரூபாய்க்கு டூல் வாங்கினா, அது முதலீடு இல்லை, கோபம்!

செலவு குறைவா உள்ள வழிகளில் தொடங்குங்க:

1. ஆபஸ்கேஷன்: கிளாஸ், மெத்தட் பெயர்களை ஏ, பி, சி என்று மாற்றிக் குழப்புவது. ஆண்ட்ராய்டில் ஆர்8 இலவசமா கூடவே வருது, ரிலீஸ் பில்டில் ஆன் பண்ணணும். மேப்பிங் ஃபைலைப் பத்திரமா வெச்சுக்கோங்க, இல்லேன்னா நாளைக்கு ஆப் க்ராஷ் ஆனா உங்களுக்கே புரியாது. டாட்நெட்டில் கன்ஃப்யூசர்எக்ஸ் இருக்கு. ஆனா குழப்பினதைப் பிரிக்கவும் டி4டாட் மாதிரி டூல்கள் இருக்கு, மறக்காதீங்க.

2. நேட்டிவ் ஏஓடி: டாட்நெட் 7-ல் வந்தது. நேரா மெஷின் கோடாவே மாற்றிடும். எல்லா டெஸ்க்டாப் ஆப்புக்கும் ஒத்துவராது, சோதிச்சுப் பாருங்க.

3. ரகசியத்தை ஆப்புக்குள் வைக்காதீங்க: ஏபிஐ கீ, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எதையும் கோடுக்குள் எழுதாதீங்க. ஆர்8 பெயரை மாற்றும், இந்த எழுத்துகளை மறைக்காது.

4. முக்கியமான வேலையை சர்வருக்கு மாற்றுங்க: இதுதான் உண்மையான பூட்டு. உங்க சர்வரில் ஓடுற கோடு யார் கைக்கும் போறதில்லை. லைசென்ஸ் சரியான்னு ஆப்புக்குள்ளேயே பார்த்தால், அந்த ஒரு வரியை மாற்றிட்டுப் போயிடுவாங்க.

சட்டம் என்ன சொல்லுது?

1957-ம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்புதான்! எழுதின உடனே உரிமை உங்களுக்கு வந்துடும். பதிவு கட்டாயம் இல்லை, ஆனா கோர்ட்டில் நல்ல ஆதாரம். கட்டணம் 500 ரூபாய்தான். சோர்ஸ் கோடின் முதல் 10, கடைசி 10 பக்கங்கள் கொடுக்கணும். திருட்டுக் காப்பின்னு தெரிஞ்சே பயன்படுத்தினால், பிரிவு 63பி-படி 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம்.

ஆனா ஒண்ணு. டீகம்பைல் பண்றதே குற்றம்னு நினைக்காதீங்க. சட்டப்படி வாங்கினவர், தன் சாஃப்ட்வேர் உங்களோடதுடன் சேர்ந்து இயங்கத் தேவையான தகவல் வேற வழியில் கிடைக்கலைன்னா, அதுக்காக ஆராயலாம். பிரிவு 52 அனுமதிக்குது. அதே மாதிரி, ஐடியாவுக்குக் காப்புரிமை இல்லை. வேற யாரும் சொந்தமா பில்லிங் சாஃப்ட்வேர் எழுதலாம்.

நண்பர் ஏன் புகார் கொடுக்கலை?

இதுதான் நம்ம எல்லாருக்குமான பாடம். அவர் ஆஃபர் லெட்டரில் ஒரு வரி: "பணிக்காலத்தில் உருவாக்கும் மென்பொருள் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம்." போதாக்குறைக்குப் பாதிக் கோடை எழுதினது கம்பெனி லேப்டாப்பில். புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வியே "இது உங்களோடதா?" என்பதுதான். வேலையும் போயிடுமோன்னு பயந்து ஒரு மாசம் தூங்காம கிடந்தார்.

வேலையின் பகுதியா எழுதினதுக்கு முதல் உரிமையாளர் முதலாளிதான், வேற ஒப்பந்தம் இல்லேன்னா. பிரிவு 17 சொல்லுது. அதனால முதல் வரி கோடு அடிக்கும் முன்னாடியே ஆஃபர் லெட்டரைப் படிங்க. சொந்த லேப்டாப், சொந்த நேரம், எச்.ஆர். கிட்ட எழுத்தில் அனுமதி. மூணும் இலவசம்.

நண்பரும் கடைசியில் எச்.ஆர். கிட்ட உண்மையைச் சொல்லி மெயில் போட்டார். மூணு வாரத்தில் அனுமதி வந்துடுச்சு. அப்புறம் பேக்கப்பையும் ரிப்போர்ட்டையும் சர்வருக்கு மாற்றி, வருஷம் 1,200 ரூபாய் சந்தா ஆக்கினார். 42 கடையில் 31 கடை சந்தாவுக்கு மாறிச்சு. வரவு 37,200. சர்வர் செலவு மாசம் 600 வீதம் 7,200. கையில் நிற்பது 30,000, அதுவும் வருஷா வருஷம்.

2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறினப்போ, அந்தப் பேக்கரிக்காரருக்கு ஆயிரம் ரூபாய் ஆள் போனை எடுக்கவே இல்லையாம். நேரா நம்ம நண்பரைத்தான் கூப்பிட்டார். இப்போ அவர் 32-வது சந்தாதாரர்.

கோடைத் திருடலாம், ஆனா கடைக்காரர் கூப்பிட்டா போனை எடுக்கிற ஆளைத் திருட முடியாது!

"மீன்டும்" இப்போ "மீண்டும்" ஆயிடுச்சான்னு கேட்டேன். "இல்லை, அது என் கைரேகை, அப்படியே இருக்கட்டும்"னு சிரிக்கிறார்.

உங்க ஆஃபர் லெட்டரில் இந்த மாதிரி வரி இருக்கா? இன்னைக்கே எடுத்துப் பார்த்துட்டு கமெண்ட்டில் சொல்லுங்க. அடுத்த வீடியோவில் அதைப் பற்றியே பேசுவோம்.