சேற்றிலும் தழைக்கும் அகத்தி
மான்குர்த் நிலத்துக்குப் பொருத்தமான மரம்தான். கீரையைப் பறிக்குமுன் மண்ணைப் பார்க்க வேண்டும்.

1992ல் வாஷிக்கு ரயில் போகும்வரை மும்பையின் ஹார்பர் லைன் மான்குர்த்தோடு முடிந்தது. அதற்கப்பால் உப்பங்கழியும் சதுப்பும்தான். டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி, நெருக்கடி நிலையின்போது 1976 மே மாதம் காலி செய்யப்பட்டது. அங்கிருந்த குடும்பங்களை, அவர்களில் தமிழர்கள் ஏராளம், சீத்தா கேம்ப் என்ற சேற்று நிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடிய ஜோக்கின் அற்புதம் (2018ல் மறைந்தார்) கோலார் தங்கவயல் தமிழர். கொஞ்சம் வடக்கே, 1927ல் தொடங்கிய தேவ்நார் குப்பைமேடு.

இந்த நிலத்தில் என்ன மரம் வைப்பது? தண்ணீர் தேங்கினால் பெரும்பாலான பழமரங்களின் வேர் அழுகிவிடும். அகத்தி தாக்குப்பிடிக்கும். வெள்ளம் சூழ்ந்தால் தண்டின் அடியிலிருந்து பஞ்சு போன்ற புது வேர்களை விடும். அவற்றிலுள்ள காற்றறைகள் வழியே பிராணவாயு கீழே போகும். உப்பையும் ஓரளவு பொறுக்கும். பயறு குடும்பத்து மரம் என்பதால் வேர் முடிச்சுகளிலுள்ள பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை உரமாக்கித் தருகிறது. வெற்றிலைக் கொடிக்கால்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். டிராம்பே விஞ்ஞானிகளுக்கும் இந்த வம்சம் புதிதல்ல: அகத்தியின் ஆப்பிரிக்க உறவான மணிலா அகத்தியைக் கதிர்வீச்சால் மாற்றி, டி.எஸ்.ஆர்.1 என்ற பசுந்தாள் உர ரகத்தை உருவாக்கியது அவர்கள்தான்.

மராத்தியர்களுக்கு இது ஹாத்கா. அவர்கள் தேடுவது பூவை. நடுவிலுள்ள கசக்கும் நரம்பைக் கிள்ளிவிட்டு பாஜி செய்கிறார்கள். நமக்குக் கீரைதான் முக்கியம். ஏகாதசி விரதம் முடிந்த துவாதசியன்று மாட்டுங்காவில் அகத்திக்கீரைக் கட்டு தேடி அலைபவர்கள் உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி, 100 கிராம் கீரையில் 1,130 மில்லிகிராம் கால்சியம். (மருந்து சாப்பிடும்போது அகத்தி ஆகாது என்பது சித்த வைத்தியர்கள் வாக்கு.) ஆயிரம் காய் காய்த்தாலும் புறத்தி புறத்தியே என்று இந்த மரத்தை வைத்துப் பழமொழி சொன்னவர் மும்பைக்கு வந்திருக்க மாட்டார். இங்கே புறத்தியார் யார் என்று எண்ணத் தொடங்கினால் முடிவே இல்லை.

வளர்ப்பது சுலபம். முற்றிய விதையை ஓர் இரவு ஊறவைத்து, மே கடைசியில் மண் நிரப்பிய பையில் விரல் நுனி ஆழத்தில் ஊன்ற வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். ஜூன் மத்தியில் மழை பிடித்துக்கொள்வதற்குள் செடி நிமிர்ந்திருக்கும். ஆணிவேர் பையின் அடியில் சுருளுமுன் இடம் மாற்றிவிடுவது நல்லது. மூன்று மாதத்தில் ஆள் உயரத்தைத் தொடும்.

வேகத்துக்கு விலையும் உண்டு. மரம் மென்மையானது, ஜூலைக் காற்றில் நீண்ட கிளை தகரக் கூரைமேல் முறிந்து விழலாம். இடுப்பளவு வளர்ந்ததும் நுனியை ஒருமுறை கிள்ளி, பக்கக் கிளைகள் விட வைத்து, கொம்பு நட்டுக் கட்டிவிடலாம். கீரைக்காக மொட்டையடித்தால் மரம் போயிற்று. பக்கக் கிளைகளை மாற்றி மாற்றி ஒடிப்பதுதான் முறை.

சிக்கல் மண்ணில்தான். குப்பை கொட்டி மேடாக்கிய நிலத்தில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் இருக்கக்கூடும். அவை வேர் வழியாக இலைக்கு ஏறும், புழுதியாகவும் படியும். புழுதி கழுவினால் போகும், உள்ளே ஏறியது கொதிக்க வைத்தாலும் போகாது. அந்த மண்ணை மரம் தாங்குகிறது என்பதால் குழந்தைக்கும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட தரையில் நிற்கும் அகத்தி நிழலுக்கு மட்டும் இருக்கட்டும்.

சாப்பிடுவதற்கு டிரம்மில் வளர்க்கலாம். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் நாலைந்து துளையிட்டு, செங்கல் மேல் வைக்க வேண்டும். ரசாயனம் வந்த டிரம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வேண்டாம். செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் சரிபாதி. ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கொடிக்கால் அகத்தியடியிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து கலந்தால், வேர் முடிச்சு விடத் தேவையான பாக்டீரியாவும் கூடவே வந்துவிடும்.

அகத்திக்கு ஆயுள் குறைவு. டிரம்மில் இன்னும் சீக்கிரம் இளைக்கும். எனவே ஒன்றிரண்டு பூங்கொத்தைப் பறிக்காமல் விட்டு, ஒரு முழ நீளத்துக்குத் தொங்கும் நெற்று பழுப்பேறியதும் அடுத்த மே மாதத்துக்கு விதை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.