மனைவியைக் கேட்கக் கற்றுக்கொண்ட மாலுமி



தோட்டப் பள்ளி ஆசிரியனான என்னிடம் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் சில பெற்றோர்கள் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருவார்கள். தகப்பனார் மேசைக்கு முன்னால் நின்று பேசுவார். தாயார் வாசற்படியிலேயே நிற்பார். "எந்த ஊருக்கம்மா போகிறீர்கள்?" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும் சார், நேற்று ராத்திரிதான் சொன்னார்" என்பார்.

இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனிதரின் நினைவு வரும். அவர் 2024 டிசம்பர் 29-ஆம் நாள், தமது 100-ஆவது வயதில் காலமான ஜிம்மி கார்ட்டர். அமெரிக்காவின் 39-ஆவது அதிபராக இருந்தவர். அவருடைய அரசியலை விட்டுவிடுவோம். குடும்பத் தலைவராக அவர் எப்படி வாழ்ந்தார் என்று பார்ப்போம்.

ஜார்ஜியா மாநிலத்தில் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் 1924-இல் பிறந்தார். தகப்பனார் நிலக்கடலை பயிரிட்ட விவசாயி, தாயார் தாதி. மின்விளக்கு இல்லாத வீட்டில் வளர்ந்த சிறுவன், அவித்த கடலையைத் தெருவில் விற்றுக் காசு சேர்த்தான். கடற்படை அதிகாரியாக வேண்டும் என்பதே அவனுடைய ஆசை. அந்த ஆசை நிறைவேறியது. 1946-இல் கடற்படைக் கல்லூரியில் தேறி, அதே ஆண்டு ஜூலையில் சொந்த ஊர்ப் பெண்ணான ரோசலினை மணந்தார். அப்போது அந்த அம்மையாருக்கு வயது 18.

கார்ட்டர் நீர்மூழ்கிக் கப்பல்களில் பணிபுரிந்தார். 1952-இல் அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த ஆண்டு கனடாவில் ஓர் அணு உலை பழுதடைந்தபோது, அதைக் கழற்றும் வேலைக்கு ஒரு குழுவோடு அனுப்பப்பட்டார். கதிர்வீச்சு கடுமையாக இருந்ததால் ஒருவர் உள்ளே நிற்கக்கூடிய நேரம் சுமார் ஒன்றரை நிமிடந்தான். அதே மாதிரி ஓர் உலையை வெளியே அமைத்து, ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிப் பழகிய பிறகே உள்ளே இறங்கினார்கள்.

இவ்வளவு கவனமான மனிதர் தம் குடும்ப விஷயத்தில் என்ன செய்தார் தெரியுமா?

1953-இல் தகப்பனார் புற்றுநோயால் படுக்கையில் கிடந்தார். மகன் ஊருக்கு வந்து பக்கத்தில் இருந்தார். அந்த நாட்களில் வெள்ளையரும் கறுப்பரும் வீடு தேடி வந்து, பெரியவர் தங்களுக்குச் சத்தமில்லாமல் செய்த உதவிகளைச் சொன்னார்கள். மகனுக்கு அதெல்லாம் புதுச் செய்தி. கப்பலில் பெறும் பதவியைவிட இப்படி நாலு பேருக்கு உதவும் வாழ்க்கை பெரிது என்று அவருக்குத் தோன்றியது. தகப்பனார் இறந்ததும், வேலையை விட்டு ஊர் திரும்புவதென்று முடிவு செய்தார்.

நல்ல முடிவுதான். ஆனால் மனைவியைக் கேட்கவில்லை!

ஊர் ஊராகச் சுற்றித் தன் குடும்பத்தைத் தானே நடத்திப் பழகியவர் ரோசலின். அழுதார், சண்டை போட்டார். பயனில்லை. மூன்று ஆண்பிள்ளைகளோடு காரில் ஊர் திரும்பிய அந்த நெடும் பயணத்தில் கணவரோடு பேசவே இல்லை. வண்டியை எங்காவது நிறுத்த வேண்டுமென்றால், "அப்பாவிடம் சொல்" என்று மூத்த மகன் மூலமாகத்தான் சொல்லி அனுப்பினார்.

ஊரில் அரசாங்கத்தின் குறைந்த வாடகை வீட்டில் குடியிருந்தார்கள். 1954-இல் வறட்சி. கையில் மிஞ்சியது சொற்பம். அப்போதுதான் ரோசலின் கணக்கு நூல்களை வாங்கிப் படித்துக் கடையின் பேரேட்டைக் கையில் எடுத்தார். எந்தச் சரக்கில் லாபம், எதில் நட்டம் என்பது கணவரைவிட அவருக்கே நன்றாகத் தெரிந்தது. கணவர் அவரிடம் ஆலோசனை கேட்க ஆரம்பித்தார்.

அப்படியும் பழைய குணம் உடனே போகவில்லை. 1962-இல் தமது 38-ஆவது பிறந்த நாளன்று காலையில், வேலை உடைக்குப் பதிலாக நல்ல கால்சட்டை போட்டுக்கொண்டிருந்தார். "எங்காவது இழவா?" என்று மனைவி கேட்டார். மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் நிற்கப் பெயர் கொடுக்கப் போவதாகப் பதில் வந்தது. அதுவரை அந்த அம்மையாருக்கு ஒன்றும் தெரியாது! பின்னாளில் கார்ட்டரே இதையெல்லாம் தம் தவறென்று ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டதோடு நிற்கவில்லை, மாறினார். அதிபராக இருந்த காலத்தில், 1977 முதல் 1981 வரை, வாரத்தில் ஒரு நாள் மனைவியோடு பகலுணவில் அமர்ந்து நாட்டு விஷயம், வீட்டு விஷயம் எல்லாம் பேசுவதை வழக்கமாக வைத்திருந்தார். அமைச்சரவைக் கூட்டத்திலும் ரோசலின் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

மீண்டும் அதிபராகும் தேர்தலில் 1980-இல் தோற்றார். குடும்ப வியாபாரமும் கடனில் மூழ்கியிருந்தது. இருவரும் 1961-இல் கட்டிய அதே வீட்டுக்குத் திரும்பினார்கள். 1987-இல் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதப் போய், பெரிய சண்டையே வந்துவிட்டது. கடைசியில் இன்னாருடைய பத்தி இது என்று பெயரின் முதலெழுத்தைப் போட்டுச் சமாதானம் ஆனார்கள். கோபத்தோடு படுக்கப் போவதில்லை என்பது அவர்கள் வீட்டுச் சட்டம்.

அவருடைய பெயரைத் தாங்கிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று 2005-இல் கடற்படையில் சேர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டு அந்தக் கப்பலுக்குப் பெயர் சூட்டியவர் ரோசலின். அன்று விருப்பமில்லாமல் கடற்படை வாழ்க்கையை விட்டு வந்தவருக்குக் கிடைத்த மரியாதை அது.

ரோசலின் 2023 நவம்பர் 19-இல் காலமானார். 77 ஆண்டு இல்லறம். தாம் சாதித்த எல்லாவற்றிலும் அவர் சமபங்காளி என்று கணவர் அறிவித்தார். 99 வயதில், நோயில் கிடந்தவர், சக்கர நாற்காலியில் வந்து இறுதி வழிபாட்டில் கலந்துகொண்டார். 2025 ஜனவரி 9-இல் வீட்டு வளாகத்திலேயே மனைவியின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கடற்படை விமானங்கள் மேலே பறந்து வணக்கம் செலுத்தின.

குடும்பத் தலைவர்களே! தோட்டத்தை விட்டுப் போவதா, கடன் வாங்குவதா, மகளைப் படிப்பிலிருந்து நிறுத்துவதா என்று எதையாவது மனதில் வைத்திருக்கிறீர்களா? கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு வீட்டுக்காரியை உட்காரவைத்துக் கேளுங்கள். அடுத்த முறை சான்றிதழுக்கு வரும்போது, என் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு வைக்கிறேன்.