வாடகை வண்டிக் கடையில் நம் பிள்ளைகள்

புதுவை மிஷன் வீதியில் ஜென்மராக்கினி அன்னை பேராலயத்தின் வாயிலில் நின்று இருபுறமும் ஒருமுறை கண்ணோட்டினால், இந்நகரின் இன்றைய பிழைப்பு என்னவென்பது விளங்கும். துணிக்கடைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் இடையே, நடைபாதையை ஒட்டி வரிசையாக நிற்கும் ஸ்கூட்டர்கள். அவற்றின் பின்னே ஒரு சிறு மேசை, ஒரு பேரேடு, ஆணிகளில் எண்ணிட்டுத் தொங்கும் சாவிகள். அந்த மேசைக்குப் பின்னே இருபது, இருபத்திரண்டு வயதுள்ள ஒரு பிள்ளை. பெரும்பாலும் நம் பங்குகளைச் சேர்ந்த ஏதோ ஒரு குடும்பத்தின் பிள்ளை. சனிக்கிழமை காலையில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திறங்கும் கூட்டம் முதலில் தேடுவது அவனைத்தான்.

வாடகை வண்டி நமக்குப் புதியதன்று. ஒரு தலைமுறைக்கு முன்னர், தெருவுக்கு ஒன்றாக வாடகைச் சைக்கிள் கடை இருந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். மணிக்கு இவ்வளவு என்று கூலி. மட்கார்டில் வெள்ளைச் சாயத்தால் எழுதிய எண். அழுக்கேறிய ஒரு நோட்டுப் புத்தகம். கடைக்காரர் பிணை ஏதும் கேட்டதில்லை. "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்ற ஒரே கேள்விதான் அவருடைய சட்டம், காவல் எல்லாம். தகப்பன் பெயரையும் தெருவின் பெயரையும் சொன்னால் போதும், வண்டி கிடைத்துவிடும். நேரம் கடந்தால் நம்மைத் தேடி அவர் வரமாட்டார். செய்தி வீட்டிற்குப் போய்ச் சேரும். குரங்குப் பெடல் போட்டுப் பழகிய முழங்காற் காயத்தைவிட அந்தச் செய்திக்குத்தான் நாம் அதிகம் அஞ்சினோம்!

இன்று மேசைக்கு முன் நிற்பவரை அப்படிக் கேட்க வழியில்லை. அவர் யாரோ, எந்த ஊரோ. எண்பதாயிரம், ஒரு லட்சம் பெறுமானமுள்ள ஒரு வண்டியை, ஐந்தே நிமிடம் முகம் பார்த்த ஓர் அந்நியரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பவன் முதலாளி அல்லன். மாதச் சம்பளத்திற்கு உட்கார்ந்திருக்கும் பிள்ளை. ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து, அதிலுள்ள முகமும் எதிரே நிற்கும் முகமும் ஒன்றுதானா என ஒப்பிட்டு, வண்டியைச் சுற்றிவந்து பழைய கீறல்களைக் கைப்பேசியில் படமெடுத்து, பிரேக்கையும் விளக்கையும் சோதித்து, பெட்ரோல் அளவைக் குறித்து, தலைக்கவசத்தைக் கையில் கொடுத்து, மாலை ஆறு மணிக்குமேல் கடற்கரைச் சாலையில் வண்டி செல்லக்கூடாது என்பதையும் சொல்லியனுப்புவதற்குள் அடுத்த நால்வர் பொறுமையிழந்து நிற்பர். இதைக் 'கடையில் சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை' என்று சொல்லும் பெற்றோர் ஒருநாள் அங்குப் போய்ப் பார்க்கட்டும்.

இதில் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது பிணை என்னும் ஒரு செய்திதான். பல கடைகளில் வாடிக்கையாளரின் அசல் ஓட்டுநர் உரிமத்தையோ வேறு அசல் சான்றையோ வாங்கி மேசையறையில் பூட்டிவைக்கும் வழக்கம் உண்டு. அஞ்சுகிறவன் பிணை கேட்பது இயல்பே. ஆனால் உரிமத்தைக் கடையில் விட்டுவிட்டு வண்டியோட்டுகிறவர், சாலையில் காவலர் கேட்டால் எதைக் காட்டுவார்? காட்ட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. கையில் வைத்திருக்கக் கூடாது என்று கடை சொல்கிறது. 2018-ஆம் ஆண்டு முதல் கைப்பேசியில் டிஜிலாக்கர் வழியாகக் காட்டினாலும் ஏற்கலாம் என விதி வந்ததால் இச்சங்கடம் சற்றே குறைந்தது. வெளிநாட்டவரின் கடவுச்சீட்டை வாங்கி வைப்பது அதனினும் தவறு. அது அவருடைய நாட்டுக்கு உரிய ஆவணம். இந்தியக் கடவுச்சீட்டும் அவ்வாறே மத்திய அரசின் உடைமை என 1967-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது.

இணைச்சட்ட நூலின் 24-ஆம் அதிகாரத்தைப் புரட்டிய நமக்கு வியப்பாக இருந்தது. பிணையைப் பற்றி அங்கே எத்தனை நுணுக்கமான கட்டளைகள்! திரிகைக்கல்லைப் பிணையாக வாங்கலாகாது, ஏனெனில் அது ஒருவனுடைய சோற்றுக்கு வழி. பிணைப்பொருளை எடுக்க அடுத்தவன் வீட்டுக்குள் நுழையலாகாது. வெளியே நிற்க வேண்டும். ஏழையின் மேலாடையைப் பொழுது சாயுமுன் திருப்பித் தர வேண்டும். பிணை கேட்பதை ஆண்டவர் தடுக்கவில்லை. பிணை கொடுத்தவன் அதனால் முடமாகிவிடக் கூடாது என்பதே அக்கட்டளைகளின் உட்கிடை. பணத்தை வைப்பாகப் பெற்று ரசீது தருவதும், ஆதாரில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு நகலை வாங்கிக்கொள்வதும் இதற்கு ஒத்துவரும் வழிகள். நகலை வாங்கிய பிறகும் பொறுப்பு முடிவதில்லை. பெண்பிள்ளைகளின் முகவரியும் கைப்பேசி எண்ணும் உள்ள தாள்கள் மேசைமேல் விரிந்து கிடப்பதை நாமே கண்டிருக்கிறோம்.

இனி, வேலைக்குப் போகும் பிள்ளையின் தலைமேல் தொங்கும் ஆபத்தைச் சொல்ல வேண்டும். இருசக்கர வண்டிகளை வாடகைக்கு விட 1997-ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு தனித் திட்டம் வகுத்தது. அதன்படி உரிமம் பெறக் குறைந்தது ஐந்து வண்டிகளாவது வேண்டும். அவ்வண்டிகளின் எண்பலகை கறுப்பு, எழுத்து மஞ்சள். வெள்ளைப் பலகையுள்ள சொந்த வண்டியை வாடகைக்கு விடுவது முறையன்று. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. உரிமமில்லாதவரிடமோ வயது நிரம்பாதவரிடமோ வண்டியைக் கொடுத்தால் உரிமையாளர் மட்டுமன்றி, வண்டி யார் பொறுப்பில் இருந்ததோ அவரும் சட்டத்தின் 180-ஆம் பிரிவில் அகப்படுவார்: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. 'முதலாளி கொடுக்கச் சொன்னார்' என்பது அங்கே போதிய விடையாகாது. பள்ளி மாணவனைப் போலிருக்கும் ஒருவன் அண்ணனுடைய உரிமத்தை நீட்டும்போது, 'இல்லை தம்பி' என்று மறுக்கும் துணிவை, எட்டாயிரமோ பத்தாயிரமோ சம்பளம் வாங்கும் பிள்ளையிடம் நாம் எதிர்பார்க்கிறோம். அத்துணிவுக்கு வீட்டில் ஆதரவு உண்டா? வேலை போனாலும் பரவாயில்லை, மறுத்துவிடு என்று சொல்லும் தாய் தகப்பன் எத்தனை பேர்?

வண்டி திரும்பிவரும் நேரம்தான் சச்சரவு நேரம். "இந்தக் கீறல் முன்பே இருந்தது" என்பார் அவர். "இல்லை ஐயா" என்பான் இவன். விடுதலைப் பயண நூலின் 22-ஆம் அதிகாரம் இதற்கும் ஒரு நெறி வைத்திருக்கிறது. இரவலாக வாங்கிய விலங்கு உரியவன் உடனில்லாதபோது சேதமுற்றால் ஈடு தர வேண்டும். ஆனால் கூலிக்கு எடுத்ததாயின் அக்கூலியே அந்த இழப்புக்கு ஈடு. நம் காலத்துச் சேதம் முழுவதையும் இதனால் தீர்க்க இயலாது; குடித்துவிட்டுச் சுவரில் மோதியவனுக்கு இது புகலிடமும் ஆகாது. ஆயினும் வாடகை என்பதில் தேய்மானத்தின் பங்கும் அடங்கியிருக்கிறது என்னும் நியாயம் அதில் உள்ளது. நகக்கீறலுக்கு ஆயிரம் ரூபாய் வாங்குவது வாடகையை இரண்டாம் முறை வாங்குவதே.

வாடிக்கையாளர் தராமற்போன தொகை யார் தலையில் விழுகிறது? பல இடங்களில் மேசையில் இருக்கும் பிள்ளையின் சம்பளத்தில். நமக்குத் தெரிந்த ஒரு தாயார், மகனுடைய மாதக் கூலியில் பாதி இவ்வாறு குறைந்ததை நம்மிடம் சொல்லி அழுதார். காணாமற்போனது இரண்டு தலைக்கவசம். ஊழியனுடைய கவனக்குறைவால் நேரடியாக விளைந்த இழப்பு என்றால் மட்டுமே பிடித்தம் செய்யலாம், அதுவும் அவனுடைய விளக்கத்தைக் கேட்டபின்பே என்பது 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் வகுத்த நெறி. அதன் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பிலும் அந்நெறி மாறவில்லை.

1936 என்றதும் புதுவை மக்களுக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். அவ்வாண்டு ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் துப்பாக்கிக்கு 12 ஆலைத் தொழிலாளர் பலியாயினர். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை இங்குச் சட்டமாயிற்று. அந்த ஆலைகளில் உழைத்தோரின் பேரப்பிள்ளைகள் பலர்தாம் இன்று கடை மேசைகளில் இருக்கின்றனர். ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையும் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. பாட்டன் இரத்தம் சிந்திப் பெற்ற எட்டு மணி, பேரனுக்குப் பத்தும் பன்னிரண்டுமாகி விட்டது. அண்டையிலுள்ள தமிழகத்தில் கடை ஊழியர்க்கு இருக்கை தரவேண்டுமென 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. கடலூர், விழுப்புரம் பகுதி வாசகர்கள் இதை அறிந்து வைப்பது நல்லது.

கடைசியாக ஞாயிறு. மற்றவர்களுக்கு ஓய்வு நாள். வாடகைக் கடைக்கு அறுவடை நாள். சனி மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் ஞாயிற்றுக் கடன் நிறைவேறும் என 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1248-ஆம் எண் கூறுகிறது. ஆனால் சனி மாலையிலும் கடையில் கூட்டந்தான்! இதற்கு நாம் கண்ட ஒரு வழியைச் சொல்லி முடிக்கிறோம். ஒரு கடையில் இரண்டு பையன்கள். ஒருவன் நம்மவன், மற்றவன் இந்து. ஞாயிறு காலையில் நம்மவன் பூசை முடிந்து ஒன்பதரைக்கு வரும்வரை மற்றவன் தனியாகவே சாவிகளைப் பார்த்துக்கொள்கிறான். தீபாவளிக்கும் அவன் குலதெய்வக் கோவில் திருவிழாவுக்கும் நம்மவன் முழுநாளும் தனியாக நிற்கிறான். முதலாளி இந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. கேட்டபோது தலையை மட்டும் அசைத்தாராம்.