தொகுப்பு ஆல்பம் முடிவுரையா?

ஓர் இசைக்குழுவின் வெற்றிப் பாடல்களின் தொகுப்பு வெளிவந்தாலே அந்தக் குழு கடையைக் கட்டுகிறது என்பார்கள். இங்கிலாந்தின் டேக் தட் குழுவுக்கு 1996-இல் அப்படித்தான் ஆனது: பிப்ரவரியில் பிரிவதாக அறிவிப்பு, அடுத்த மாதமே 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'. ஆனால் 2005-இல் வந்த இன்னொரு தொகுப்பு, பெரும்பாலும் அதே பழைய பாடல்கள்தான், குழுவை உயிர்ப்பித்தது. மறு ஆண்டே நால்வர் மீண்டும் மேடையேறினார்கள்; ஐந்தாமவரான ராபி வில்லியம்ஸ் மட்டும் சேரவில்லை. அந்தத் தொகுப்பு வந்த சமயத்தில் குழுவைப் பற்றி ஒளிபரப்பான தொலைக்காட்சி ஆவணப்படம்தான் இந்த மறுவரவுக்குக் காரணம் என்று வாதிடலாம். அதற்கும் பங்குண்டு, ஆனால் பார்த்தவர்கள் கையோடு வாங்கக் கடையில் இசைத்தட்டு தயாராக இருந்ததே! வெறும் பழைய நினைவின் மயக்கம் என்றும் ஒதுக்க முடியாது. 2006-இலேயே 'பேஷன்ஸ்' என்ற புத்தம்புதிய பாடல் பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்தது.